நாற்பது சட்டித் தயிர்

அத்தியாயம் 7

நல்லவன் என்று பெயர் வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, நல்லவனாக இருப்பது. மற்றது, ஹாஜி துல்பாவைப் போல மேஜைமேல் ஒரு தஸ்பீஹ் ஜெபமாலையையும் முகத்தில் ஒரு சிரிப்பையும் நிரந்தரமாகப் போட்டு வைப்பது. இரண்டாவதில் செலவு குறைவு. செலவு குறைந்த வழியை விட்டுவிட்டு வேறு வழியில் ஹாஜி துல்பா போனதாகத் திம்யாத் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

மதாம் இன்ஸாஃப் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திம்யாத் துறைமுகச் சுங்கத்தில் இருபத்தாறு வருடம் பெட்டி திறந்தவள் அவள். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைத் திறக்கிறாள். பெட்டிகளே மேல் என்பது அவளுடைய கருத்து. பெட்டி பொய் சொன்னாலும் சிரித்துக்கொண்டு சொல்லாது.

ஹாஜி ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, ஒரு பிடி கறுப்பு மணிகளை அதில் போட்டார். குவளை 'ஸ்ஸ்ஸ்' என்று சீறியது. மணிகளிலிருந்து குமிழிகள் கிளம்பி மேலே வந்தன.

"கேட்டீங்களா சகோதரி? மூச்சு விடுது! டாக்டரம்மா கொடுத்த அசல் சரக்கு. பேரீச்சங்கொட்டையைச் சுட்டு, உள்ளுக்குள்ள கோடித் துளை போட்ட கரி. இப்பதான் உங்க கண்ணு முன்னாலயே காவல்காரன் தொட்டியோட மேல்மூடியைத் திறந்து, தண்ணி ஏறாத மேல்பரப்புலேருந்து அள்ளிட்டு வந்தான். ஆனா தொட்டியை விட்டு வெளிய வர்ற தண்ணியில மருந்து அப்படியே இருக்கு. சரக்கு சுத்தம், பலன் சுழி. இதுக்கு நான் என்ன பண்ண?"

"அழலாம்," என்றான் ஸக்ஸூக்.

ஸக்ஸூக் இன்ஸாஃபின் உதவியாள். வயது நாற்பது. சட்டம் படித்தவன், ஆட்டோ ஓட்டுகிறவன். கோர்ட்டில் நீதிபதி பேசவிட மாட்டார், ஆட்டோவில் ஏறிய ஆள் இறங்கி ஓட முடியாது என்பது அவன் தொழில் மாறியதற்குச் சொல்லும் காரணம். இப்போது ஹாஜியின் கூஜாவிலிருந்து மூன்றாவது குவளைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"தண்ணி தேனாட்டம் இருக்கு ஹாஜி. பாட்டில் தண்ணியா?"

"பாட்டிலா? அல்லாஹ் மன்னிக்கணும்!" ஹாஜி நெஞ்சில் கை வைத்தார். "ஏழை குடிக்கிற அதே குழாய்த் தண்ணிதான் தம்பி. வல்லாஹி, ஆண்டவன் மேல சத்தியம்! நான் காய்கறி மண்டியில தக்காளிக் கூடை தூக்கி முன்னுக்கு வந்தவன். என்கிட்ட பகட்டு கிடையாது."

தக்காளி மண்டியிலிருந்து மருந்தாலைக்கு வந்தவர் என்பது உண்மை. பகட்டு கிடையாது என்பதைச் சுவரில் மாட்டியிருந்த அவருடைய ஏழு புகைப்படங்களும் மறுத்தன.

"கமிட்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் இன்ஸாஃப்.

"ஒரு மணிக்கு. பேராசிரியர் ஆசிம் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. பாவம் அந்தப் பொண்ணு, எனக்கே மனசு கேக்கல."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இன்ஸாஃப் எழுந்தாள்.

வெளியே ஆட்டோவில் டாக்டர் ரபாப் காத்திருந்தாள். முப்பத்தைந்து வயது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கரி அவளுடைய நகக்கண்களில் இருந்தது. நேற்று மாலை இன்ஸாஃபின் கதவைத் தட்டியவள் அவள்தான்.

அவள் கதை சின்னது. ஜனவரியில் ஹாஜி துல்பாவின் ஆலை திறந்தது. ஆன்டிபயாடிக் மாத்திரை செய்கிற ஆலை. பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் கால்வாய்க்குப் போகும். அப்படியே போனால் கால்வாயில் உள்ள கிருமிகள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து குடித்துப் பழகி, கடைசியில் எந்த மருந்துக்கும் மசியாத ரவுடிகளாகிவிடும். அதனால் ஆலைக்கும் கால்வாய்க்கும் நடுவே இரண்டு ஆள் உயர இரும்புத் தொட்டி வைத்து, அதில் ரபாபின் கரி முப்பது மூட்டை நிரப்ப வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. மே மாதம் கமிட்டி வந்து தண்ணீர் எடுத்துச் சோதித்தது. மருந்து வழிந்தது. மேல்மூடியைத் திறந்து கரியை அள்ளிப் பார்த்தார்கள். அசல் கரிதான். ஆகவே கரிதான் மோசம், அதைச் செய்தவள் மோசடிக்காரி. இன்று கையெழுத்து விழுந்தால் தொட்டியைப் பிடுங்கிவிடுவார்கள், கால்வாய் ஹாஜிக்குச் சொந்தமாகிவிடும், அரசாங்கத்தை ஏமாற்றியதாக ரபாப் மேல் வழக்குப் பாயும்.

"ஒரு ஸ்பூன் கரியோட உள்சுவரையெல்லாம் பிரிச்சுப் பரப்பினா ஒரு ஃபுட்பால் மைதானம் நிறையும் மேடம்," என்றாள் ரபாப். "அத்தனை இடத்துலயும் மருந்து ஒட்டிக்கும். ஜனவரிலேருந்து ஏப்ரல் வரைக்கும் நானே வாரா வாரம் சோதிச்சேன். சுத்தமா இருந்துச்சு. அப்புறம் ஹாஜி என்னை உள்ள விடல."

"ஏப்ரல் வரைக்கும் சுத்தம்னு வேற யாரு சொல்லுவா?"

"என் சோதனைக் காகிதம் இருக்கு."

"வேலிக்கு ஓணான் சாட்சி," என்றான் ஸக்ஸூக். "பேராசிரியர் அந்தக் காகிதத்துல பருப்பு வடை சுத்தித் தின்னுடுவார்."

இன்ஸாஃப் கால்வாயைப் பார்த்தாள். நாணல், மிதக்கும் பிளாஸ்டிக், ஒரு செத்த வாத்து.

"இந்த மருந்து கிருமியைக் கொல்லும். சரி. கிருமியை வெச்சுப் பிழைக்கிறவங்க யாராவது இந்தக் கரையில இருக்காங்களா?"

"டாக்டருங்க எல்லாரும் அதை வெச்சுத்தானே பிழைக்கிறாங்க."

"ஸக்ஸூக், வாயை மூடு. ரபாப், நீங்க சொல்லுங்க."

"ரொட்டிக்காரன்... இல்ல, மாவைப் புளிக்க வைக்கிறது வேற ஜாதி. இந்த மருந்துக்கு அது அசையாது." ரபாப் சட்டென்று நிமிர்ந்தாள். "தயிர்! தயிர்க் கிருமி செத்துடும். உறை ஊத்தினா தோயாது."

"அதுக்குப் பால்ல கால்வாய்த் தண்ணி கலக்கணுமே?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸக்ஸூக் ஆட்டோவைக் கிளப்பினான்.

"நாம எந்த நாட்டுல இருக்கோம்னு மறந்துட்டு ஒரு கேள்வி கேட்டீங்க பாருங்க மேடம்!"

கால்வாய் ஓடும் திசையில் மூன்று கிலோமீட்டர் தள்ளி கஃப்ர் ஸுன்புல். அந்தக் கிராமத்தின் ஒரே தயிர்க்கடை மூடியிருந்தது. 'ஷலபி தயிர். நூற்றுக்கு நூறு எருமைப் பால்' என்று பலகை சொன்னது. வாசலில் மண் சட்டிகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. நடுவே ஷலபி உட்கார்ந்திருந்தான். அவனுடைய பெரிய மீசை மட்டும் கம்பீரமாக இருந்தது. மற்றதெல்லாம் தொங்கிப்போயிருந்தது.

"தயிர் இல்ல. ரெண்டு மாசமா தோயல. கண்ணு பட்டுப்போச்சு," என்றான்.

"யாரோட கண்ணு?"

"அதான் தெரியல. தெரிஞ்சா புடுங்கிடுவேன்."

இன்ஸாஃப் சுற்றி வளைக்கவில்லை. "பால்ல எவ்வளவு தண்ணி கலக்குற?"

ஷலபி துள்ளி எழுந்தான். மார்பில் அறைந்துகொண்டான். தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினான்.

"நானா? தண்ணியா? என் பால்ல ஒரு சொட்டுத் தண்ணி கலந்திருந்தேன்னா என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

இந்த ஊர் ஆண்கள் சிலருக்கு இது ஒரு பழக்கம். பத்துக் காசுப் பேரத்துக்கும் பெண்டாட்டியின் தலாக்கைப் பணயம் வைப்பார்கள். பெண்டாட்டி உள்ளே இருக்கிறாள், அவளுக்கும் காது இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவர்களுக்கு நினைவு வராது.

உள்ளே ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. திரை விலகியது. கைகளில் பால் ஈரத்தோடு ஷலபியின் மனைவி வஹீபா வந்து நின்றாள்.

"அப்படின்னா எனக்குத் தலாக் ஆகிப் பதினோரு வருஷம் ஆச்சு!"

"வஹீபா, உள்ள போ."

"எதுக்குப் போகணும்? யாரு வீட்டுக்குள்ள போகணும்? ஒரு அந்நிய ஆம்பளைக்கா நான் பதினோரு வருஷம் கீரை கடைஞ்சு போட்டேன்?" அவள் இன்ஸாஃபின் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோங்க அக்கா. மூணுக்கு ஒண்ணு தண்ணி. அதுவும் கால்வாய்த் தண்ணி."

"வீட்டுல குழாய் இருக்கே?" என்றாள் ரபாப்.

"குழாய்த் தண்ணி ஊத்தினா குளோரின் நாத்தம் பால்ல காட்டிக் கொடுத்துடுமே! இவரு புத்திசாலி. கால்வாயில மொண்டு, கொதிக்க வெச்சு ஊத்துவாரு."

"கொதிச்சா கிருமி சாகும், மருந்து சாகாது," என்று ரபாப் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஸக்ஸூக் இதற்குள் முற்றத்துக் குழாயில் ஒரு வாய் குடித்துவிட்டு 'தூ' என்று துப்பினான். "அம்மாடி! நீச்சல்குளத்தை நக்கின மாதிரி இருக்கு."

"தயிர் எந்த நாள்லேருந்து தோயல?" என்று கேட்டாள் இன்ஸாஃப். அவள் குரல் மாறியிருந்தது.

"அது எப்படி மறக்கும்?" என்றான் ஷலபி. "வசந்தத் திருவிழா ஷம்முன்னஸீம் திங்கக்கிழமை வந்துச்சு இல்லையா, ஊரே கால்வாய்க் கரையில உக்காந்து உப்பு மீனும் பச்சை வெங்காயமும் தின்னுச்சு. அடுத்த மூணு நாளைக்கு எல்லாருக்கும் வயித்தை ஆத்தத் தயிர் வேணும். வருஷத்துலயே பெரிய கிராக்கி. செவ்வாய்க்கிழமை தயிர் கல்லு மாதிரி தோஞ்சு வித்துது. அன்னைக்கு மத்தியானம் மறுநாளுக்கு நாப்பது சட்டி ஊத்தினேன். புதன் காலையில மூடியை எடுத்தா, நாப்பதும் பால். ஒரு ஆடை கூட இல்ல. அதுக்கு முந்தி இந்த வருஷம் ஒரு சட்டி கூடக் கெடல."

"ஞாயிறும் திங்களும் ஆலை லீவு," என்றாள் ரபாப் மெதுவாக. "செவ்வாய்க்கிழமை காலையில திறந்தாங்க."

"திறந்த அன்னைக்கே மருந்து வந்துடுச்சு," என்றாள் இன்ஸாஃப். "ஷலபி, ஒரு மணிக்கு ஆலைக்கு வந்து இதைக் கமிட்டி முன்னால சொல்லு."

"நான் தண்ணி கலக்குறவன்னு நானே சொல்லணுமா? பொழப்பு போயிடும்!"

"எந்தப் பொழப்பு? கடை மூடி ரெண்டு மாசமாச்சு," என்றாள் வஹீபா. அவள் ஒரு துணி மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நான் என் அண்ணன் வீட்டுக்குப் போறேன். என்னைப் பணயம் வெச்சுப் பொய் சொன்ன வாயால அங்க போய் உண்மையைச் சொல்லிட்டு வா. அப்புறம் ஷேக்கைக் கேட்டு, உனக்கு நான் யாருன்னு முடிவு பண்ணலாம்."

ஷலபி கதவை அடைத்துக்கொண்டான். உள்ளிருந்து சட்டி ஒன்று உடைகிற சத்தம் கேட்டது.

ஆட்டோ ஆலைக்குத் திரும்பியது. சாட்சி கிடைத்தது, ஆனால் சாட்சி சொல்ல ஆள் வராது. பன்னிரண்டரை ஆகியிருந்தது. ரபாப் தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பள்ளத்தில் ஆட்டோ எகிறியது. காலையில் ஸக்ஸூக் வீட்டுக்கென்று வாங்கிப் பின்னால் வைத்திருந்த தக்காளிக் கூடை கவிழ்ந்தது. மேலே இருந்த நாலைந்து தக்காளி பளபளவென்று உருண்டன. அவற்றுக்குக் கீழே இருந்ததெல்லாம் சேறாக வழிந்து ரபாபின் செருப்பை நனைத்தது.

"அடப்பாவி!" ஸக்ஸூக் வண்டியை நிறுத்தினான். "கூடைக்கு முகம் வெச்சுட்டான்! இவனும் வல்லாஹின்னுதான் சொன்னான். மேல அஞ்சு மணப்பொண்ணு, கீழ அம்பது பொணம்."

இன்ஸாஃப் அந்தக் கூடையையே பார்த்தாள். பிறகு தன் நெற்றியில் தானே ஓர் அடி போட்டுக்கொண்டாள்.

"இருபத்தாறு வருஷம்! இருபத்தாறு வருஷம் பெட்டியைக் கவுத்துப் பார்த்த கழுதை நான். இன்னைக்கு மேல்மூடியிலேருந்து ஒரு பிடி அள்ளிக் காட்டினான், பார்த்துட்டு எழுந்து வந்துட்டேன். ஹாஜி எந்த மண்டியில வளர்ந்தேன்னு சொன்னான்?"

"தக்காளி மண்டி," என்றான் ஸக்ஸூக்.

"ஓட்டு வண்டியை. உன்கிட்ட ஸ்பேனர் இருக்கா?"

ஹாஜியின் அறையில் பேராசிரியர் ஆசிம் ஏற்கனவே பேனாவைத் திறந்திருந்தார். அறிவு எவ்வளவு இருக்கிறதோ தெரியாது, கழுத்துப் பட்டை மட்டும் முதல் தரம். அவருக்கு இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலையாட்டுவதுதான் அவர்கள் வேலை, அதைக் குறையில்லாமல் செய்தார்கள். மேஜைமேல் தேநீர், பிஸ்கட், கூஜா நிறையத் தண்ணீர்.

"அம்மணி, இது விஞ்ஞானக் கமிட்டி," என்றார் ஆசிம் இன்ஸாஃபிடம். "சுங்கச் சாவடி இல்ல."

"தெரியுது. சுங்கச் சாவடியில அடியையும் பார்ப்போம். தொட்டிக்கு அடிமூடி ஒண்ணு இருக்கில்ல?"

ஹாஜியின் கையில் தஸ்பீஹ் நின்றது. "அது துருப்பிடிச்சுப் போச்சு சகோதரி. திறக்காது."

"பரவாயில்ல ஹாஜி, எங்க வீட்டுக் கதவும் அப்படித்தான்," என்ற குரல் முற்றத்திலிருந்து கேட்டது. ஸக்ஸூக் ஏற்கனவே தொட்டியின் கீழே ஸ்பேனரோடு குனிந்திருந்தான். துரு இல்லை. புத்தம் புது மசகு இருந்தது. நான்கு திருகு கழன்றதும் மூடி பிளந்து, கறுப்புச் சேறு கொட்டியது. பேராசிரியர் எட்டிப் பார்க்க வந்தது தப்பாகிவிட்டது. முதல் தரக் காலணிகள் இரண்டும் மூழ்கின.

சேற்றில் வந்தவை மணிகள் அல்ல. விரல் நீளத்துக்கு மரக்கரித் துண்டுகள். சிலவற்றில் பட்டை கூட உரியவில்லை. ஸக்ஸூக் ஒன்றை எடுத்து முகர்ந்தான்.

"ஆரஞ்சு மரம். நான் தினமும் ஹுக்காவுல வெச்சு இழுக்கிற சரக்கு. பேரீச்சங்கொட்டைக்குப் பட்டை முளைச்சு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

இன்ஸாஃப் அதைக் குவளைத் தண்ணீரில் போட்டாள். அது சீறவில்லை, குமிழி விடவில்லை. செத்த எலியைப் போலச் சும்மா மிதந்தது.

"மேல முகத்துக்கு நாலஞ்சு மூட்டை அசல், அடியில அத்தனையும் ஹுக்காக் கரி," என்றாள். "இது எப்படி மருந்தைப் பிடிக்கும்?"

ஹாஜி துல்பா இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

"அல்லாஹு அக்பர்! பார்த்தீங்களா பேராசிரியரே! அசல் சரக்குன்னு என்னை நம்ப வெச்சு, ஜனவரியிலயே இந்தப் பொண்ணு அடியில குப்பையை நிரப்பியிருக்கா! என்னையும் ஏமாத்தி, அரசாங்கத்தையும் ஏமாத்தி!"

பேராசிரியர் காலைச் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரபாபைப் பார்த்தார். கோபத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. "உண்மைதான். சரக்கு நிரப்பினது நீங்கதானே? கையெழுத்து உங்களதுதானே?" இரண்டு தலைகளும் ஆடின.

"மேடம்," என்று ஸக்ஸூக் முணுமுணுத்தான், "நமக்கு நாமே குழி தோண்டிட்டோமா?"

"ஜனவரியிலேருந்தே குப்பைன்னா," என்றாள் இன்ஸாஃப், "ஜனவரியிலேருந்தே கஃப்ர் ஸுன்புல்ல தயிர் தோஞ்சிருக்கக் கூடாது."

"தயிரா?" பேராசிரியர் அந்தச் சொல்லைச் செத்த கரப்பானைப் போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "நாங்க இங்க விஞ்ஞானம் பேசறோம். நீங்க தயிர் பேசறீங்க. எவனோட தயிர்?"

"என்னோடது."

முற்றத்து வாசலில் ஷலபி நின்றான். கையில் ஒரு மண் சட்டி. அவனுக்கு நாலடி பின்னால், இடுப்பில் மூட்டையோடு வஹீபா. ஷலபி யாரையும் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"என் பேரு ஷலபி. நான் பால்ல தண்ணி கலக்குறவன். பதினோரு வருஷமா. கால்வாய்த் தண்ணி."

உறுப்பினர்களில் ஒருவர் தலையாட்டுவதை நிறுத்தினார். "கஃப்ர் ஸுன்புல் ஷலபியா? என் வீட்டுக்கு வாங்குறது உன்கிட்டதானே!"

"ஆமாங்க. மன்னிச்சுடுங்க. ஷம்முன்னஸீம் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் தயிர் கல்லு மாதிரி தோஞ்சுது. புதன்கிழமை நாப்பது சட்டியும் பாலா நின்னுது. அதுக்கப்புறம் ஒரு சட்டி தோயல. இது நேத்து ஊத்தினது." அவன் சட்டியைச் சாய்த்தான். பால் தண்ணியாக வழிந்தது. "இது பொய்யா இருந்தா..." என்று ஆரம்பித்தவன், பின்னால் இருந்த இருமலைக் கேட்டு நிறுத்திக்கொண்டான். "இது உண்மை. அவ்வளவுதான்."

ரபாப் முன்னால் வந்தாள். "ஜனவரியிலேருந்து நாலு மாசம் இவர் தயிர்க் கிருமி உயிரோட இருந்திருக்கு சார். அப்படின்னா கால்வாய்த் தண்ணியில மருந்து இல்ல. அப்படின்னா தொட்டிக்குள்ள என் கரி இருந்துச்சு. ஊரே கரையில மீன் தின்னுட்டிருந்த அந்த லீவு நாள்லதான் மாத்தியிருக்காங்க."

பேராசிரியர் சேற்றுக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பால் மறுக்க முடியாதபடி தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

ஹாஜி மட்டும் சளைக்கவில்லை. அவர் முகத்தில் துக்கம் வந்து உட்கார்ந்தது. "திருடனுங்க! லீவு நாள் பார்த்து வந்திருக்கானுங்க. நான் அன்னைக்கு மன்ஸூராவுல என் மாமனார் வீட்டுல இருந்தேன். நல்ல கரியை எவன் அள்ளிட்டுப் போனானோ, எங்க வித்தானோ! எனக்கு எப்படித் தெரியும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இவர். சோறு தீர்ந்தால் இன்னொரு தட்டு கேட்பார். இன்ஸாஃப் உள்ளே மேஜைக்குப் போய், கூஜாவிலிருந்து ஒரு குவளை ஊற்றி வந்து பேராசிரியரிடம் நீட்டினாள்.

"களைச்சுப் போயிட்டீங்க. குடிங்க."

அவர் குடித்தார். "நல்ல தண்ணி," என்றார் பழக்கத்தில்.

"உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி எப்படி இருக்கும் பேராசிரியரே?"

"அதை ஏன் கேக்குறீங்க? குளோரின். மூக்கைப் பிடிச்சுட்டுத்தான் குடிக்கணும்."

"இதுவும் குழாய்த் தண்ணிதான். காலையில ஹாஜி வல்லாஹின்னு சொன்னார். ஸக்ஸூக் மூணு குவளை குடிச்சான். பொய்ச் சத்தியம் பண்ணாத மனுஷன், நம்பத்தான் வேணும். ஒரே குழாய், ஒரே ஊர். இவர் தண்ணியில மட்டும் குளோரின் எங்க போச்சு?"

ரபாபுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் கை தானாக வாய்க்குப் போனது. "கரி... கரி குளோரினையும் பிடிச்சு வெச்சுக்கும்."

"ஸக்ஸூக்!" என்று கூப்பிட்டாள் இன்ஸாஃப். பதில் மேலிருந்து வந்தது. அவள் கூஜாவைத் தொட்டபோதே மாடிப்படி ஏறிவிட்டவன், அலுவலகத்தின் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தான்.

"மேடம்! ஹாஜியோட தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு பெரிய பீப்பாய், அது நிறையக் கறுப்பு மணி. குழாய்த் தண்ணி அதுக்குள்ள பூந்துதான் கீழ வருது. அப்புறம் தார்ப்பாய்க்குக் கீழ மூட்டை மூட்டையா இருக்கு. ஒவ்வொண்ணுலயும் டாக்டரம்மா ஆய்வுக்கூடத்து முத்திரை. எண்ணிட்டேன், காலி மூட்டையோட சேர்த்து இருபத்தாறு!"

ஒரு மூட்டை மாடியிலிருந்து விழுந்து முற்றத்தில் வெடித்தது. கறுப்பு மணிகள் ஷலபியின் பாலில் உருண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று சீறின.

தஸ்பீஹ் தரையில் கிடந்தது. சிரிப்பும் எங்கோ விழுந்திருந்தது.

"ஏன் ஹாஜி?" என்றாள் இன்ஸாஃப். "கரியை மாத்தினீங்க, புரியுது. கரி உதவாதுன்னு கமிட்டி எழுதிட்டா அப்புறம் தொட்டியும் வேண்டாம், வருஷா வருஷம் கரி மாத்தவும் வேண்டாம். ஆனா எடுத்ததை எங்கயாவது கொட்டித் தொலைச்சிருந்தா நான் வெறுங்கையோட போயிருப்பேனே?"

ஹாஜி துல்பா அவளைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக ஓர் உண்மையான உணர்ச்சி இருந்தது. ஆச்சரியம்.

"நல்ல சரக்கு," என்றார். "நல்ல சரக்கை எவனாவது கொட்டுவானா?"

முகத்துக்கு நாலு வை, மிச்சம் நல்லதை வீட்டுக்கு எடுத்துப் போ. மண்டியில் முதல் நாள் கற்ற பாடத்தை மனிதர் மருந்தாலை முதலாளியான பிறகும் மறக்கவில்லை. இவ்வளவு பெரிய திருட்டில் மாட்டியது இவ்வளவு சின்ன அற்பத்தனத்தால் என்பது இன்ஸாஃபுக்கே அருவருப்பாக இருந்தது. பேராசிரியர் ஆசிம் தயாராக இருந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டார். அவருக்கு அவருடைய கவலை.

ஹாஜி அறைக்குள் போய்த் தன் நாற்காலியில் விழுந்தார். உதடு காய்ந்திருந்தது. கை தானாகக் கூஜாவுக்குப் போனது. ரபாப் கூஜாவை எடுத்து அப்பால் வைத்தாள்.

"என் கரி வேலை செய்யலன்னு சொன்னீங்க. என்னை மோசடிக்காரின்னு சொன்னீங்க. ஊருல என்னைப் பார்த்தவங்க தெருவைத் தாண்டிப் போனாங்க. ஆனா அது வேலை செஞ்சுட்டேதான் இருந்துச்சு ஹாஜி. ரெண்டு மாசமா உங்க ஒருத்தர் தொண்டைக்கு மட்டும்."

அவள் ஒரு வெறும் குவளையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். ஆலைத் தண்ணீர் கால்வாயில் விழுகிற குழாயடியில் அதைப் பிடித்து நிரப்பினாள். திரும்பி வந்து ஹாஜி துல்பாவின் முன்னால், ஏழு புகைப்படங்களுக்குக் கீழே, வைத்தாள்.

"தாகமா இருக்கில்ல? ஊரு குடிச்சதைக் குடிங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். ஹாஜி குவளையைத் தொடவில்லை.

"எழுதிக்கோங்க பேராசிரியரே," என்றாள் இன்ஸாஃப். "இதுதான் சோதனை முடிவு."